இருபத்தொன்றாவது பை

சேவூர்,
8 டிசம்பர் 2025

மகுடேஸ்வரன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் கண்டதும் வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கிட்டுசாமி அண்ணன் வந்து கேட்டதால் எழுதுகிறேன்.

நீங்கள் நடத்திக்கொண்டிருந்த பழனி பாதயாத்திரைக் குழு இரண்டு தைப்பூசமாகப் போகவில்லை. இந்த வருடம் போய்த்தான் ஆக வேண்டும் என்று அண்ணன் எல்லாரையும் கூட்டிவிட்டார். பத்தொன்பது பேர் மாலை போட்டிருக்கிறார்கள். ஜனவரி 26 விடியற்காலை இங்கிருந்து கிளம்பி ஆறு நாள் நடை. ஆனால் என்ன எடுத்துப் போவது, எதை வண்டியில் ஏற்றுவது, எதைத் தோளில் போடுவது, ஒன்றும் யாருக்கும் தெரியவில்லை.

“எல்லாத்தையும் மகுடேசன் தலைக்குள்ளயே வெச்சிருந்தான் அம்மிணி. ஒரு சீட்டுலகூட எழுதி வெக்கல. நீதான் கேட்டுச் சொல்லோணும்” என்றார்.

ஜூனில் கோர்ட்டில் தீர்ப்புச் சொன்ன நாளுக்குப் பிறகு நான் உங்களைப் பார்க்க வரவில்லை. சிறையிலிருந்து நீங்கள் போன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை. இனியும் எடுப்பதாக இல்லை. அதனால் கடிதம்.

பட்டியலை எழுதி அனுப்புங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சித்ராதேவி


மத்திய சிறை, கோவை,
15 டிசம்பர் 2025

அம்மிணி சித்ராவுக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கேட்டதை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறாய். அப்படியே செய்கிறேன்.

முதலில் பை. கடைப் பை வேண்டாம். வார் குறுகலாக இருக்கும், இரண்டாம் நாளே தோளை அறுக்கும். நம் பனியன் தையல் கொட்டகையில் மெஷின் இருக்கிறது, கெட்டித் துணி மிச்சம் கிடக்கும், நீயே தைத்துவிடு. வார் நான்கு விரல் அகலம், உள்ளே இரண்டு மடிப்பு பனியன் துணி. தைத்த பையை உடனே கொடுத்துவிடு. பத்து நாளாவது தோளில் போட்டு ஊரைச் சுற்றட்டும். புதுப் பையோடு கிளம்பினவன் யாரும் சிரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்ததில்லை.

உள்ளே: மாற்று வேட்டி ஒன்று, துண்டு இரண்டு, மெல்லிய போர்வை ஒன்று, விரிக்க ஒரு யூரியா சாக்கு. சாக்கை நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். அரை சோப்பு. முழு சோப்பு யாருக்கும் தீராது. டார்ச். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆறு. ஊக்கு ஒரு கொத்து. ஊசியும் வெள்ளை நூலும். கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது. ஊசியைத் தீயில் காட்டி, நூலைக் குறுக்கே கோத்து, நூலை உள்ளேயே விட்டுவிட வேண்டும். நீர் தானாக வடியும், தோல் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

காலுக்கு விளக்கெண்ணெய். கிளம்புவதற்குப் பதினைந்து நாள் முன்பிருந்தே பாதத்தில் தேய்க்கச் சொல். நகத்தை நான்கு நாள் முன்பே வெட்டிவிட வேண்டும். கடைசி நாள் வெட்டினால் ஓரம் குத்தும். வெட்டி மிஞ்சுகிற கட்டிங் வேஸ்ட்டில் மெல்லிய பனியன் துணியாகப் பார்த்து, இரண்டு விரல் அகலத்துக்குக் கீறிச் சுருட்டி ஆளுக்கு நான்கு கொடு. விரலிடுக்கில் சுற்றிக்கொள்ள அதற்கு ஈடான மருந்து கடையில் கிடையாது.

கட்டி முடித்ததும் ஒவ்வொரு பையையும் தராசில் தூக்கிப் பார். மூன்று கிலோவைத் தாண்டினால் அவிழ்த்து எதையாவது எடுக்க வேண்டும். எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். கிட்டுசாமி அண்ணன் முறுக்குப் பொட்டலத்தை அடியில் ஒளித்து வைப்பார். கையை விட்டுத் துழாவு.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பையின் முதுகிலும் ரேடியம் பட்டை தைக்க வேண்டும். ஒட்டினால் போதாது, தைக்க வேண்டும். இருட்டு விலகுவதற்கு முன் நடக்கிறவர்கள், பின்னால் வரும் வண்டிக்காரனுக்குத் தெரிய வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் நம் குழுவில் ஒருவருக்கும் ரோட்டில் ஒரு கீறல் விழவிடவில்லை.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். ஆனால் பட்டியலில் அது இருந்தே ஆக வேண்டும். எழுதிவிட்டேன்.

மகுடேஸ்வரன்


சேவூர்,
26 டிசம்பர் 2025

ஏனுங்க,

பட்டியலில் இருந்தபடியே எல்லாம் தயார். முறுக்கும் கிடைத்தது, முக்கால் கிலோ.

பத்தொன்பது பைக்கும் ரேடியம் பட்டையை நான்தான் தைத்தேன். நீங்கள் பேனாவை வைத்தது போல என்னால் மெஷினை நிறுத்த முடியவில்லை. தைக்கத் தைக்க ஆத்திரம் ஏறியது. உங்களுக்கு மறந்திருக்காது, ஆனால் என் கையால் ஒரு தரம் எழுதிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. 2023இல் பழனி போய் மாலை கழற்றி எட்டாம் நாள். சாயங்காலம் ஏழு மணி. குடித்துவிட்டு பிக்கப் வண்டியை எடுத்து வந்தீர்கள். அவிநாசி ரோட்டில் வேலை விட்டு நடந்து போன அருண்பாண்டி என்ற பையனை அடித்தீர்கள். நிற்காமல் வீடு வந்து, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தீர்கள். நான்தான் பரிமாறினேன். அவனுக்கு இருபத்து நான்கு வயது. அவன் முதுகில் பட்டை எதுவும் இல்லை.

கோர்ட்டில் நீதிபதி கேட்டபோது “நாய்னு நெனச்சேனுங்க” என்றீர்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல் விழுந்தபோது அவர் முதுகு ஒரு தரம் அசைந்தது. அதைப் பார்த்த பிறகு உங்களைப் பார்க்க வர எனக்கு மனம் வரவில்லை. காரணம் இதுதான். இத்தனை நாள் சொல்லவில்லை.

இருபதாவதாக ஒரு பை தைத்தேன். எனக்கு. ஆமாம், நானும் நடக்கிறேன்.

அந்தப் பையனுக்காக நடக்கலாம் என்று தோன்றியது. அவன் அம்மாவைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று நேற்று அனுப்பர்பாளையம் போனேன். பெயர் பேச்சியம்மாள். சாத்தூர்ப் பக்கம். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். லைன் வீட்டில் ஒரே அறை. கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

“நானுங்க, சேவூர்லீங்க...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். கோர்ட்டுல பாத்தேன்ல.”

உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. நின்றபடியே கேட்டேன். “பழனிக்கு நடந்து போறேனுங்க. உங்க பையன் பேரச் சொல்லி நடக்கலாமுங்களா?”

என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவன் பேரைச் சொல்லி நீ எதுக்கு நடக்கணும்? எனக்குக் காலு இருக்கு” என்றார்.

திரும்பிவிடலாம் என்று படியிறங்கினேன். “எத்தனை நாளு?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஆறு நாளுங்க.”

“என்னென்ன கொண்டாரணும்?”

உங்கள் பட்டியல் என் கையில்தான் இருந்தது. அந்த வாசலில் நின்று அதைப் படித்துக் காட்டினேன். சாக்கு, அரை சோப்பு, ஊசி, நூல். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அது யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். “ஒம் புருசன் நெசமாவே நாயின்னுதான் நெனச்சாரா?”

“எனக்குத் தெரியாதுங்க.”

“கேட்டுச் சொல்லு” என்றார்.

கேட்கிறேன்.

சித்ரா


மத்திய சிறை, கோவை,
5 ஜனவரி 2026

அம்மிணிக்கு,

நீயும் நடக்கிறாய் என்று படித்ததும் எனக்கு முதலில் உன் வலது குதிகால்தான் ஞாபகம் வந்தது. பனிக்காலத்தில் வெடிக்கும். விளக்கெண்ணெயோடு கொஞ்சம் மஞ்சள் குழைத்துப் பூசு. இன்றே ஆரம்பி.

அந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். நாள் முழுவதும் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறவர். முழங்கால் பிடிக்கும். முதல் இரண்டு நாள் அவர் பையை வண்டியில் போட்டுவிடு, வெறும் கையோடு நடக்கட்டும். மூன்றாம் நாள் அவரே கேட்டு வாங்கிக்கொள்வார். சேலை நைலக்ஸ் வேண்டாம், பழைய நூல் சேலை இரண்டு. தொடை உராயாமல் இருக்க வாஸ்லின். இதைப் பெண்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், கேட்காமலே பையில் வைத்துவிடு. தண்ணீர் தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். வெயிலில் தார் ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தால் சூடு குறையும். அவருடைய பைக்கு வாரை ஐந்து விரல் அகலம் வை.

நீ கேட்டிருப்பதைப் பற்றி: மேல்முறையீடு சென்னையில் இருக்கிறது. அது முடியும்வரை வழக்குச் சம்பந்தமாக எதையும் கடிதத்தில் எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நாங்கள் எழுதுவதை இங்கே படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாருக்கும் மனம் தளரும். அப்போது யாரும் தனியாக நடக்கக் கூடாது.

மகுடேஸ்வரன்


சேவூர்,
12 ஜனவரி 2026

ஏனுங்க,

குதிகால், வாஸ்லின், வெள்ளைக் கோடு எல்லாம் படித்தேன். இருபத்தொன்றாவது பையும் தைத்தாயிற்று, வார் ஐந்து விரல்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் அக்கா தன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கிட்டுசாமி அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அக்கா தரையில் உட்கார்ந்து, மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக என்னிடம் எடுத்துக் கொடுத்தார். நான் பையில் அடுக்கினேன். தராசில் இரண்டே முக்கால் கிலோ. “கேட்டியா?” என்றார். நான் கடிதம் வரவில்லை என்று பொய் சொன்னேன்.

உங்களால் எனக்கு வந்த பொய் அது. வக்கீல் எழுத வேண்டாம் என்றால், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாமலா இருக்கும்? நிஜமாகவே நாய் என்று நினைத்திருந்தால் நாய் என்று எழுதிவிட்டுப் போயிருப்பீர்கள்.

26ஆம் தேதி கிளம்புகிறோம். அதற்குள் எழுதினால் எழுதுங்கள். இல்லையென்றால் இனி எழுதவே வேண்டாம்.

சித்ரா


மத்திய சிறை, கோவை,
19 ஜனவரி 2026

சித்ரா,

இதையும் இங்கே படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

நாய் இல்லை. ஆள் என்று தெரியும். அடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே தெரியும். அவன் சட்டை வெள்ளை.

வண்டியை நிறுத்தினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முப்பது அடி தள்ளி நிறுத்தினேன். இறங்கவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் கண்ணாடியில் பார்த்தேன். பின் விளக்குச் சிவப்பில் ரோட்டோரம் முழுக்கத் தெரிந்தது. அவன் கிடந்தான். பிறகு ஒரு கை எழுந்தது. மண்ணிலிருந்து எழுந்து, அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மடங்கியது.

ஒரு நிமிடம் இருக்கும், அல்லது அதைவிடக் குறைவு. எனக்கு அது குறையவே இல்லை. வாயில் பிராந்தி வாடை. கழுத்தில் மாலை கழற்றிய இடம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. ஊரில் என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன். பழனிக்குக் கூட்டிப்போகிற குருசாமியே குடித்துவிட்டு ஆளை அடித்தான் என்று பேசுவார்கள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன், சித்ரா. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி போய்விட்டது.

அரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் கோர்ட்டில் சொன்னார். நீயும் கேட்டாய். நான் தலையைக் குனிந்தேன், அவமானத்தில் குனிந்ததாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கை எழுந்ததைப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்பதால் குனிந்தேன்.

அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும். உன் மேல் அதைச் சுமத்த எனக்கு வாய் இல்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

மகுடேஸ்வரன்


சேவூர்,
4 பிப்ரவரி 2026

ஏனுங்க,

உங்கள் கடிதம் நாங்கள் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது வந்தது. படித்துவிட்டுக் கொட்டகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மெஷின் ஓட்டும் பெண்கள் என்ன அக்கா என்ன அக்கா என்று கேட்டார்கள். அதை மடித்து என் பையின் அடியில், சாக்குக்குக் கீழே வைத்தேன். அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவர் வரமாட்டார் என்று பயந்தேன். நீங்கள் மூன்று வருடம் மறைத்ததற்கு நான் உங்களைப் பேசாத பேச்சில்லை. எனக்கும் மூன்று நாள் மறைக்க வந்தது. பிறகு நடையில் இன்னும் மூன்று நாள்.

நடந்ததை எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் இருபத்திரண்டு வருடம் போய்வந்தீர்கள். ஒரு தரம்கூட என்னிடம் சொன்னதில்லையே, அது இப்படி இருக்கும் என்று! அல்லது சொல்ல வராதா? முதல் நாள் திருப்பூருக்குள் நுழைந்தபோது ஷிப்ட் விடுகிற நேரம். கம்பெனி கேட்டுகளில் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார்கள். இந்தி பேசுகிற பையன்கள் ஓடி வந்து எங்கள் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். தாராபுரம் ரோட்டில் உமர் என்று ஒரு வேஸ்ட் துணி வியாபாரி, குடோன் வாசலில் மூட்டை மூட்டையாக வெள்ளைப் பனியன் துணியை அவிழ்த்துப் போட்டு வைத்திருந்தார். “காலுக்குச் சுத்திக்கோங்க, எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க” என்று போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கொடுத்தார். நான் எட்டு வயதிலிருந்து பார்க்கிற துணி அது. அது இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று என் பாதத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் சொந்தமாக இல்லை. பேச்சியம்மாள் அக்கா நடந்துகொண்டே இருந்தார். சின்ன அடி, ஒரே மாதிரி அடி. நீங்கள் எழுதிய மாதிரியே மூன்றாம் நாள் காலையில் வண்டிக்குப் போய்த் தன் பையைக் கேட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

குண்டடம் வரும்போது கூட்டம் கூட்டமாக ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஈரோட்டுக்காரர்கள், சேலத்துக்காரர்கள். முன்னால் பார்த்தால் முடிவு தெரியவில்லை, பின்னால் பார்த்தாலும் தெரியவில்லை. பச்சையும் காவியும் ரோடு நிறைய. ஒரு பெண் பால்குடிக் குழந்தையோடு நடந்தாள். இரண்டு காலும் இல்லாத ஒருவர் கையால் உந்தி உந்தி வந்துகொண்டிருந்தார், அவரைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் ஒருவரையும் ஏன் நடக்கிறாய் என்று கேட்கவில்லை. இவ்வளவு பேர் தூக்கிக்கொண்டு போகிறதை எந்தத் தராசில் வைப்பது என்று நினைத்தேன்.

நான்காம் நாள், குண்டடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். இரண்டு பக்கமும் காற்றாலை. அவ்வளவு பெரியது இத்தனை கிட்டத்தில் சுற்றி நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் கொஞ்சம் முன்னால் போய்விட்டார்கள். அக்காவும் நானும் மட்டும். அவரே கேட்டார்.

“கடுதாசி வந்துருச்சுல்ல?”

“வந்துருச்சுங்க.”

“எப்ப?”

“கெளம்பறதுக்கு முன்னாலயேங்க.”

“ஒம் மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. சொல்லு.”

கடிதத்தை எடுத்துப் படித்தேன். நடந்துகொண்டே படித்தேன், நின்றால் என்னால் முடியாது. ஒரு வரி விடவில்லை. முடிந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை. நடையை எட்டிப் போட்டு முன்னால் போய்விட்டார். அந்த முழங்காலோடு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ. யாரும் தனியாக நடக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் போக எனக்குத் தைரியம் இல்லை, விட்டுவிடவும் முடியவில்லை. இருபது அடி பின்னால், அவர் முதுகில் நான் தைத்த பட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பத்து கிலோமீட்டர் இருக்கும். வலது கால் வைத்த இடத்தில் எல்லாம் ரோட்டில் ஈரமாக ஒரு புள்ளி. ரத்தம். அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

தாராபுரத்தில் அமராவதிக் கரைக்கு வந்துதான் நின்றார். படித்துறையில் உட்கார்ந்தார். நான் தள்ளி நின்றேன். திட்டுவார், காறித் துப்புவார், பஸ் ஏறிப் போய்விடுவார் என்று எல்லாவற்றுக்கும் மனதைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது காலை என் பக்கமாக நீட்டினார். அவ்வளவுதான்.

நான் போய்க் கீழ்ப்படியில் உட்கார்ந்து காலைக் கழுவினேன். கொப்புளம் உடைந்து தோல் பிய்ந்திருந்தது. எண்ணெய் தொட்டு, துணியைச் சுற்றினேன். சுற்றி முடிக்கும்போது அவர் கேட்டார், “எந்தக் கை?”

எனக்குப் புரியவில்லை.

“தூக்குனான்ல. எந்தக் கைய?”

கடிதத்தில் அது இல்லை. தெரியாதுங்க என்றேன். “கேளு” என்றார். எழுந்து பையைப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு என்னோடு சேர்ந்தே நடந்தார்.

ஆறாம் நாள் காலையில், பனி விலகும்போது, மலை தெரிந்தது. தூரத்தில், சின்னதாக, கோபுரம் ஒரு கடுகு போல. ரோட்டில் இருந்த அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் போனது. அரோகரா என்று ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், அது தொண்டையிலிருந்து வந்த சத்தம் மாதிரி இல்லை, தரையிலிருந்து வந்தது. என் கையும் மேலே இருந்தது, நான் தூக்கினது எனக்குத் தெரியாது. அக்கா மட்டும் கையைத் தூக்கவில்லை. சுற்றி எழுந்து நின்ற அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கோயிலுக்குள் சாமியைப் பார்த்தபோதுகூட எனக்கு அந்தப் பயம் வரவில்லை.

மலை மேலே தரிசனம் முடிந்து பிரகாரத்தில் நின்றோம். கீழே அடிவாரம் வரைக்கும் தலை தலையாக ஜனம். “என்ன வேண்டிக்கிட்டீங்கக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“ஒண்ணும் வேண்டலை. பாத்தேன். இத்தன பேருக்கும் என்னமோ இருக்கு தாயி” என்றார்.

அவர் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள். எந்தக் கை?

சித்ரா


மத்திய சிறை, கோவை,
10 பிப்ரவரி 2026

சித்ரா,

நடந்ததை எல்லாம் படித்தேன். அதைப் பற்றிப் பேச இன்னும் எனக்கு வரவில்லை. அந்த ரோட்டில் இருபத்திரண்டு தரம் போயிருக்கிறேன். நான் எதையும் பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது. பைகளைத்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

கேட்டதற்கு வருகிறேன். எழுந்த கை கண்ணுக்குள் இருக்கிறது, ஆனால் எந்தக் கை என்று உடனே சொல்ல முடியவில்லை. பார்த்தது கண்ணாடியில். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. அவன் மல்லாந்து கிடந்தான். தலை ரோட்டுப் பக்கம், கால் பள்ளத்துப் பக்கம். எழுந்தது வண்டிப் பக்கம் இருந்த கை இல்லை, அதற்கு அந்தண்டைக் கை. நேற்று இங்கே தரையில் நானே அப்படிப் படுத்துப் பார்த்தேன். தலையை ரோட்டுப் பக்கம் என்று வைத்து, வண்டி இந்தப் பக்கம் என்று வைத்து, மல்லாந்து படுத்தேன். கையைத் தூக்கினேன். கூட இருப்பவர்கள் என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். அவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

இடது கை.

மேல்முறையீட்டை வாபஸ் வாங்கச் சொல்லி வக்கீலுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நாய் என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு இன்னொரு கோர்ட்டில் நிற்க முடியாது.

மகுடேஸ்வரன்


சேவூர்,
16 பிப்ரவரி 2026

ஏனுங்க,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்று அனுப்பர்பாளையம் போனேன். இந்தத் தடவை உள்ளே வா என்றார். பாயை விரித்தார். அக்காவின் கால் இன்னும் ஆறவில்லை, கட்டு மாற்றிவிட்டு வாசித்தேன். நீங்கள் தரையில் படுத்துப் பார்த்தது வரைக்கும் அசையாமல் கேட்டார். இடது கை என்று வாசித்ததும் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, எந்த இடத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று காட்டச் சொன்னார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தானும் விரலை வைத்தார்.

“சின்னதுல எல்லாத்துக்கும் எடது கைதான் போவும் அவனுக்கு. சோத்துக்கும் அதைத்தான் நீட்டுவான். கரண்டியாலயே அடிச்சேன். அடிச்சு அடிச்சு மாத்துனேன். ஊருல யாருக்கும் தெரியாது, எங்க ரெண்டு பேருக்கும் மட்டுந்தான் தெரியும்.” காகிதத்திலிருந்து விரலை எடுத்தார். “மாறலை போல.”

அழுவார் என்று நினைத்தேன். என்னைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது அவருக்கு. என் முதுகைத் தட்டிக்கொண்டே, யோசித்து யோசித்துச் சொன்னார். “கோர்ட்டுல அத்தனை பேரு அவனைப் பத்திப் பேசுனாக. வக்கீலு, போலீசு, டாக்டரு. ஒருத்தரும் அவனைப் பாக்கலை. ஒம் புருசன் பாத்துருக்காரு. கடைசியா எம் புள்ளையப் பாத்த கண்ணு அவருது.”

“மன்னிச்சிருங்கக்கா” என்று நான் சொல்ல வந்தேன். “அதெல்லாம் என்கிட்ட கேக்காத. எனக்கே தெரியாது” என்று கையால் தடுத்துவிட்டார். பிறகு, “எனக்கு அவரு வாயால கேக்கணும். முதல்லேருந்து. வெள்ளைச் சட்டையிலேருந்து” என்றார்.

அதனால் வருகிற புதன்கிழமை உங்களைப் பார்க்க மனுப் போட வருகிறோம். இரண்டு பேர். அவர் ஒன்றும் பேச மாட்டாராம், நீங்கள்தான் பேச வேண்டுமாம். கம்பிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். அவர் உங்கள் கண்ணைப் பார்க்கத்தான் வருகிறார்.

சித்ரா